இரண்டு தட்டு

பகல் காட்சியில் முதல் முறை மேடை விளக்குகள் அணைந்தபோது, அவன் தூக்கிய சுவர் லேசாக இருந்தது.

பிளைவுட்டில் வரைந்த வீட்டுச் சுவர்தான். ஆனாலும் இரண்டாள் உயரம், தூக்கினால் இடுப்பு விண்ணென்று வலிக்கும். சுவருக்குப் பின்னால் நிற்பவன் குனிந்து, அதைத் தாங்கும் முட்டுக்கட்டையின் மேல் பாரத்துக்கு வைத்த இரும்புக்கட்டிகளை எடுத்துவிட்டு, எழுந்து சட்டத்தைப் பிடித்து, இரண்டு முறை தட்ட வேண்டும். அதைக் கேட்ட பிறகுதான் முன்னால் நிற்பவன் தூக்கலாம். இருட்டு இருபது வினாடி. அதற்குள் சுவர் இடம் மாறிவிட வேண்டும். இன்று பின்னால் நின்ற அவன் தட்டினான், சுவர் தானாக வருவது போல வந்தது.

ஓரத் திரைக்குப் பின்னால், கூட வேலை செய்யும் மொட்டை, மூச்சு வாங்க நின்றிருந்தான். முன்னால் பிடிக்க வேண்டியவன் அவன்தான்.

"கால்ல கயிறு சிக்கிடுச்சுப்பா, வரவே முடியல. ஒண்டியா எப்படித் தூக்கின?"

"விளையாடாத."

"சத்தியமா நான் வரல."

அவன் மேடையில் நிற்கும் சுவரைத் திரும்பிப் பார்த்தான்.

போன வருடம் வரை பின்னால் நின்றது அவனுடைய அண்ணன். முன்னால் நின்றவன் அவன். அன்றைக்கு அவசரப்பட்டு, தட்டுவதற்கு முன்பே தூக்கிவிட்டான். குனிந்திருந்த அண்ணன் மேல் சுவர் சாய்ந்தது. அண்ணன் எழுந்திருக்கவே இல்லை. கேட்டவர்களிடமெல்லாம், "அண்ணன் தட்டினான், கேட்டுத்தான் தூக்கினேன்" என்று சொன்னான். அண்ணியிடமும் அதையேதான். "அவரு அப்படிக் கவனமில்லாம இருக்க மாட்டாரே" என்று அவள் அழுதாள்.

இரண்டாவது இருட்டு. அவன் குனிந்தான். பெயின்ட் வாடை, தூசி, கீழே பார்வையாளர்களில் யாரோ இருமும் சத்தம், எல்லாவற்றுக்கும் மேலே அண்ணன் முழங்காலுக்குத் தேய்க்கும் தைலத்தின் நெடி. முதல் கட்டியை எடுத்தான். மொட்டையின் காலடி மேடையின் மறுகோடியில் கேட்டது. அவன் இப்போதுதான் ஓடி வருகிறான்.

சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ கை மாற்றிப் பிடித்தார்கள்.

"அண்ணே." கண்ணீர் முட்டியது. "நீ தட்டல. நான்தான் பொய் சொன்னேன். அண்ணிகிட்ட சொல்லிடறேன்ணே."



கடைசிக் கட்டி கையில் கனத்தது. அவன் இன்னும் எழவில்லை. தட்டவில்லை.

மொட்டையின் காலடி இன்னும் தூரத்தில்.

சுவர் தரையை விட்டு எழுந்தது.