நாலு பொட்டு

பரிபூரணத்துக்குப் பொட்டு வைப்பதென்றால் கொள்ளை ஆசை. நிலைக்கதவு, தையல் மிஷின், அப்பாவின் டிபன் கேரியர் என்று எதையும் விடமாட்டாள். ஆனால் அன்று காலை, ஏன்தான் பொட்டு வைத்தோமோ என்று அவளுக்கு ஆகிவிட்டது.

அவள் அப்பா சௌந்தரபாண்டியன் ராஜபாளையத்தில் வாடகைக்கு அம்பாசடர் கார் ஓட்டினார். ஒரு மாதமாக அதன் இன்ஜினைப் பிரித்துப்போட்டு வேலை பார்த்த மெக்கானிக் சிவனாண்டி, முந்தின நாள் சாயங்காலம்தான் எல்லாவற்றையும் பூட்டி முடித்தார். சந்தனம் குழைத்து வைத்து, தேங்காய் உடைத்துக் கும்பிட்டார்கள். காலையில் நல்ல நேரம் பார்த்து ஸ்டார்ட் செய்யலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நல்ல நேரம் வந்து போய்விட்டது. இன்ஜின் சுற்றியது, பிடிக்கவில்லை.

அதற்குள் மம்சாபுரத்திலிருந்து அத்தான் ஆள் அனுப்பிவிட்டார். அக்கா செல்லக்கனிக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டதாம். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். முகூர்த்த நாள் என்பதால் ஊரில் வேறு ஒரு டாக்சிகூட இல்லை.

சிவனாண்டி பெட்ரோல் குழாயைக் கழற்றிப் பார்த்தார். பிளக்குகளுக்குக் கரண்டு தரும் காயிலிலிருந்து வரும் வயரை இரும்புக்குப் பக்கத்தில் பிடித்தார். பொறி பறந்தது.

"பெட்ரோலும் வருது, கரண்டும் வருது. பிளக்கு நாலும் புதுசு. அப்ப உள்ளதான் ஏதோ தப்புண்ணே. திரும்பப் பிரிக்கணும்."

எம்புட்டு நேரமாகும் என்று அப்பா கேட்டார். சாயங்காலமாகிவிடும் என்றார் சிவனாண்டி. அப்பா அப்படியே பம்பரில் உட்கார்ந்துவிட்டார்.

பிளக்கு என்ற சொல்லைக் கேட்டதும் பரிபூரணத்துக்கு ஒன்று ஞாபகம் வந்தது. போன மழையில் இன்ஜினில் தண்ணீர் பட்டு இதே கார் வழியில் நின்றுபோனது. பிளக்கில் ஈரம் பட்டால் கரண்டு பொறியாகாமல் வழிமாறிப் போய்விடும் என்று அன்று சொன்னதே சிவனாண்டிதான். சந்தனமும் ஈரம்தானே?

சொன்னால் அடி விழும். சொல்லாவிட்டால் அக்கா என்ன ஆவாள்?

சிவனாண்டி ஸ்பேனரை எடுத்தார்.

"மாமா, பிரிக்காதீங்க. நான் பிளக்குக்குப் பொட்டு வெச்சிட்டேன்."

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அழுதுகொண்டே சொல்லி முடித்தாள். நேற்று அவர்கள் டீ குடிக்கப் போனபோது, பிளக்குகளின் ரப்பர் மூடியை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாளாம். உள்ளே வெள்ளைப் பீங்கான் குளித்துவிட்டு வந்த முகம் போல இருந்ததாம். வெறும் நெற்றியாக விட மனசு வரவில்லையாம். பொட்டு வைத்துவிட்டு, மூடியைப் பழையபடி அமுக்கிவிட்டாளாம்.

சிவனாண்டி ஒரு மூடியை இழுத்தார். பீங்கான் முழுக்கச் சந்தனம் அப்பியிருந்தது. உள்ளே காற்றுப் படாமல் இன்னும் ஈரமாகவே இருந்தது.

"காஞ்ச துணி கொண்டா தாயி, சீக்கிரம்."

அவள் ஓடிப்போய், கல்யாணங்களுக்கு மட்டும் அப்பா போடும் துண்டைக் கொண்டுவந்தாள். அப்பா அதை வாங்கிச் சிவனாண்டியிடம் நீட்டினார். நாலு பிளக்குகளையும் மூடிகளையும் சிவனாண்டி அந்தத் துண்டால் பளிச்சென்று துடைத்தார்.

அப்பா சாவியைத் திருப்பினார். பேட்டரி களைத்துப்போய் மெல்லத்தான் சுற்றியது. இன்ஜின் ஒருமுறை இருமியது. மறுபடி இருமியது. பிறகு பிடித்துக்கொண்டது.

பரிபூரணம் அடிக்குப் பயந்து தலையைக் குனிந்து நின்றாள். அப்பா தனக்குப் பக்கத்து சீட்டின் கதவைத் திறந்துவிட்டார்.

"ஏறு, அக்காவ கூப்பிடப் போவோம்."

நேரத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்கள். அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது.

பத்தாம் நாள் அக்கா மைச்சிமிழைப் பரிபூரணத்திடம் நீட்டி, குழந்தையின் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைக்கச் சொன்னாள். பரிபூரணம் தயங்கி அப்பாவைப் பார்த்தாள்.

"இவளுக்கு எம்புட்டு வேணும்னாலும் வை" என்றார் அப்பா. "இவ நல்லா ஸ்டார்ட் ஆயிட்டா."