சம்பங்கி கொஞ்சம் ஜாஸ்தி

"ஜன்னலைக் கொஞ்சம் திறங்களேன்... சம்பங்கி ஜாஸ்தியா இருக்கு. தலை கிர்ருன்னுது!"

பஸ்ஸின் பின் சீட்டிலிருந்து குரல். உமைமா சட்டென்று திரும்பினாள். மழைத்துளி ஒட்டிய இமைகள்... அவற்றின் அடியில் குறும்பான கண்கள்.

"மழை உள்ள வரும். பேஜாரா இருந்தா எறங்கி நடங்க!"

ஆம்பூர் வரும்வரை அவள் நெஞ்சு படபடத்தது. கோபம்தான்... வேறென்ன?

சற்று நேரத்தில் அதே கண்கள் தொழிற்சாலையில் அவள் மேசைக்கு எதிரே நின்றன. ஃபைஸான்... வெளிநாட்டுக் கம்பெனி அனுப்பிய ஆய்வாளன். அவன் சரி என்றால்தான் கைப்பைகள் கப்பலேறும்.

முதல் பையைத் திறந்தவனின் மூக்கு சுருங்கியது.

உமைமாவுக்கு உயிரே போயிற்று. வந்ததும் வாரின் நீளம் பார்க்க அதைத் தோளில் மாட்டி, செண்ட் பூசிய கழுத்தோரம் அணைத்தது அவள்தானே? பூச்சு ஏறாத மெல்லிய தோல்... தொட்ட வாசனையை விடாது.

"செண்ட் போட்டு வராதீங்கன்னு சொல்லிருக்கேன்ல?" மேனேஜர் நிசார் அஹமது கத்தினார். அவர் பார்வை பக்கத்து மேசை சோபனாவின் தலைப்பூவில் நின்றது. "உன் வேலைதானா? நாளையிலிருந்து வராத!"

ஃபைஸான் உமைமாவையே பார்த்தான். அவனுக்குத் தெரியும்.

"அவ இல்ல சார். நான்தான்."

"உமைமா... நீயா?"

ஃபைஸான் மெல்லப் பையை மூடினான். "தோல்ல குறை இல்ல சார். இதை மட்டும் எடுத்துடுங்க. உண்மையைச் சொன்னவங்களை அனுப்பிட்டா, அடுத்த தடவை யாரு சொல்லுவாங்க?"

மேனேஜர் முணுமுணுத்தபடி நகர்ந்தார்.

மாலை. பஸ் நிறுத்தத்தில் பக்கத்தில் ஃபைஸான். மழை விடவில்லை...

"தோல் கம்பெனிக்கு எதுக்குங்க செண்ட்?"

"பொண்ணு பார்க்க வந்தவங்க, என் மேல தோல் வாடை அடிக்குதுன்னு எழுந்து போய்ட்டாங்க. அதுக்குத்தான்... போதுமா?" கண் கலங்கியது. தலை மட்டும் குனியவில்லை.

அவன் சிரிக்கவில்லை. "காலையில உங்க செண்ட் பச்சைக் காம்பைக் கிள்ளின மாதிரி குத்துச்சு. இப்ப பாலேடு மாதிரி... அடியில கொஞ்சம் மல்லி."

"வீடு போறதுக்குள்ள அதுவும் போய்டும். அப்புறம் தோல் வாடைதான்."

"நான் பொறந்ததே மேல்விஷாரம், தோல் பதனிடுற ஊரு. அந்த வாடை இல்லன்னா தூக்கமே வராது!"

அவளையும் மீறிச் சிரிப்பு வந்துவிட்டது.

"உங்களைப் பிடிச்சிருக்கு உமைமா... பொண்ணு கேட்க எங்க அம்மியை உங்க வீட்டுக்கு அனுப்பட்டுமா?"

பஸ் வந்து நின்றது. படியில் கால் வைத்தவள் திரும்பினாள்.

"வரச் சொல்லுங்க. ஆனா... அன்னிக்கு நான் செண்ட் பூச மாட்டேன்."

அவன் பின் சீட்டில் உட்காருமுன்பே, மழையென்றும் பாராமல் ஜன்னலைத் திறந்துவிட்டாள்.