பழைய காற்று

அந்த வீட்டில் யாரும் சிகரெட்டைத் தொட்டுப் பல வருடங்கள் ஆகியிருந்தும், அன்று பொழுது சாயும் நேரத்தில், மழைச் சத்தத்துக்கு நடுவே, அப்பாவின் அறையிலிருந்து ஈரம் கலந்த சிகரெட் வாசனை வந்தது. அடுப்பை அணைத்துவிட்டு மகள் எட்டிப் பார்த்தாள். மடியில் தலையணை வைத்து, அதில் முழங்கைகளை ஊன்றிக் குனிந்து உட்கார்ந்திருந்தார். மூக்கில் குழாய். கட்டிலடியில் ஆக்சிஜன் மிஷின் உறுமிக்கொண்டிருக்க, அதன் தண்ணீர்க் குப்பியில் குமிழிகள் ஓயாமல் கொப்பளித்தன.

"என்னப்பா, சிகரெட் வாசனை?"

"மூச்சுக்கே... வழியில்ல. இதுல புகை வேறயா?"

சிரிக்கப் போய் இருமினார். அவர் மூச்சு விட்டபோது வாசனை கூடியது.

போன வாரம்தான் டாக்டர் படத்தைக் காட்டி விளக்கியிருந்தார். உள்ளே போகிற காற்று வெளியே வராமல் தங்கி, நுரையீரலை ஊதவைத்து, நல்ல பாகத்தையும் நசுக்குகிறது. மாற்று நுரையீரலை இந்த உடம்பு தாங்காது. கெட்ட பாகத்தை வெட்டி எடுக்கவும் முடியாது. மிச்சமிருப்பது ஒன்றுதான்: மூச்சுக்குழலுக்குள் சின்ன வால்வுகளை வைத்தால், அடைபட்ட காற்று கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறலாம். திங்கட்கிழமைக்கு நாள் குறித்திருந்தார்கள்.

"மிஷின் ரெண்டுலயே இருக்கட்டும்மா. பாவம்னு கூட்டிடாதீங்க. சுகமா தூங்கி, மூச்சு விடவே மறந்துடுவாரு" என்று டாக்டர் அன்றே எச்சரித்திருந்தார்.

இப்போது அப்பாவின் உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள். ரோடெல்லாம் தண்ணி, லேட்டாகும் என்றார்கள்.

"பாப்பா... ஒரே ஒரு மூச்சு. முழுசா இழுத்துட்டா... போதும்."

அவர் கண்களைப் பார்க்க முடியவில்லை. குனிந்து மிஷினின் குமிழைத் திருகினாள். மூன்று. நான்கு. ஐந்து.

தோள்கள் தளர்ந்தன. தலையணையைத் தலைக்கு வைத்துப் படுத்துத் தூங்கிப்போனார். போர்வையை இழுத்துப் போர்த்திவிட்டாள். அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

பிறகு அவர் மூச்சை விட்டார். நீளமாக. சிகரெட் வாசனை வந்தது, அதன் பின்னால் அவர் ஓட்டிய லாரியின் டீசல் வாசனை, அதற்கும் பின்னால், அவள் சிறுமியாக இருந்தபோதே செத்துப்போன அம்மாவின் பவுடர் வாசனை. மூச்சு நிற்கவில்லை. ஜன்னல் சாத்தியிருந்தும் திரைச்சீலை அவரை விட்டு விலகிப் பறந்தது.

"அப்பா. அப்பா, போதும்ப்பா."

குமிழைத் திருப்பினாள். மிஷினையே அணைத்தாள். குமிழிகள் அடங்கின.

மூச்சு அடங்கவில்லை.

பீப்பாய் போல ஊதியிருந்த மார்பு இறங்கியது. இன்னும் இறங்கியது. போர்வை மெத்தையோடு ஒட்டியது.

பிறகு, அமைதி.

திரைச்சீலை தொங்கியது. அசைந்தது. இந்த முறை, கட்டிலை நோக்கி.

அவளுக்குப் பின்னால் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. கூந்தல் முன்னால் பறந்தது. அவள் வாய் தானாகத் திறந்தது.

அப்பா மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார். முழுசாக.