இரண்டாவது குரல்

"அத்தை, மேல சுத்துற அந்தக் கண்ணுக்கு இமை இருக்கா?"

சுண்டெலியின் மகள் ஒருமுறை அலுவலகத்துக்கு வந்தபோது அக்காவிடம் கேட்ட கேள்வி அது. ஆராய்ச்சிச் செயற்கைக்கோளின் இரண்டு தொலைநோக்கிகளையும் கீழிருந்து இயக்கும் அறையில் வேலை பார்த்த இருவரில் மூத்தவளை எல்லோரும் அக்கா என்பார்கள். சத்தமில்லாமல் நடக்கும் இளையவளுக்குச் சுண்டெலி என்று பட்டப்பெயர்.

"இருக்குடி தங்கம். சூரியன் எதிர்ல வந்தா மூடணும். இல்லைன்னா கண்ணு வெந்துடும். அதுக்குத்தான் உங்க அத்தைக்குச் சம்பளமே."

அந்த அறையில் ஒரு வழக்கம் உண்டு. இமை திறக்கும் கட்டளையை ஒருவர் உரக்கப் படிக்க வேண்டும். இன்னொருவர் "சரி, அனுப்பு" என்ற பிறகே அது மேலே போகும்.

சுண்டெலி விடுப்பில் இருந்த ஒரு நாள், விருந்தினருக்குப் படம் காட்டும் அவசரத்தில் இயக்குநரே இரண்டாவது குரலானார். சூரியன் இன்னும் விலகவில்லை என்று அக்கா சொன்னது அவர் காதில் ஏறவில்லை. ஒரு தொலைநோக்கி குருடானது. கண்ணாடிச் சுவருக்கு அப்பால் நின்றவர்களுக்கு உள்ளே பேசியது கேட்டிருக்காது. "நான் சொல்லவே இல்லை" என்று இயக்குநர் கைகழுவினார். அக்காவுக்கு வேலை போனது. ஊணுறக்கம் விட்டு, ஆண்டு திரும்புமுன் அவளும் போய்ச் சேர்ந்தாள்.

அவளுடைய நாற்காலியில் சுண்டெலி வந்து உட்கார்ந்தது ஒரு நண்பகலில். ஜன்னலில்லாத அறை. குளிர்சாதனத்தின் முனகல். எங்கிருந்தோ தலைவலித் தைல வாசனை.

அக்கா நெற்றியில் தடவிக்கொள்ளும் தைலம்.

"இன்னொரு கண்ணத் திற" என்றார் இயக்குநர். கண்ணாடிக்கு அப்பால் மறுபடியும் விருந்தினர் கூட்டம்.

"சார், சூரியன் இன்னும்..."

"எலிக்கு வானத்தப் பத்தி என்ன தெரியும்? நீ படி. நான் சரி சொல்றேன்."

இதுவும் வெந்தால் பழி யார் தலையில் விழும் என்று அவளுக்குத் தெரியும். வீட்டில் உலை ஏறுவது அவள் சம்பளத்தில். கட்டளையைப் படித்து முடித்தாள்.

இயக்குநர் வாய் திறக்குமுன் இருவர் காதில் மாட்டியிருந்த ஹெட்போனிலும் ஒரு குரல்.

"அனுப்பாத, கண்ணு."

இயக்குநரின் முகம் வெளிறியது. "யாரு அது? தள்ளு நீ!" அவளை ஒதுக்கிவிட்டுத் தானே பொத்தானை அழுத்தினார்.

மேலே இமை திறக்கவில்லை.

குருட்டுத் தொலைநோக்கியின் திரை ஒளிர்ந்தது.

அதில் வானம் இல்லை. இந்த அறை இருந்தது. இயக்குநரின் வழுக்கைத் தலை. அதற்குப் பின்னால் ஒரு பெண்.

அவள் விரல்கள் மெதுவாக முன்னால் வந்து, அவர் இமைகளைப் பிடித்து விரித்தன.

"வெளிச்சம்! ஐயோ, மூடச் சொல்லு அவள!"

விளக்குகள் மங்கலாகத்தான் எரிந்துகொண்டிருந்தன.

காதுக்குள் கிசுகிசுப்பு: "சொன்னேனே சார், சூரியன் இன்னும் விலகலைன்னு."

"நான்தான் திறக்கச் சொன்னேன்! நான்தான்!"

யாரும் தொடாத ஒலிபெருக்கி உயிர்பெற்றிருந்தது. கண்ணாடிக்கு அப்பால் எல்லோருக்கும் கேட்டது.

வெறுங்கண்ணால் சூரியனை வெறித்தவருக்கு வரும் புண் இது என்றார் மருத்துவர். பார்வை திரும்பவில்லை.

பழி வாங்க வந்தவளின் கோபத்திலும் ஒரு நியாயம் இருந்தது. பக்கத்தில் இருந்தவள் மேல் ஒரு கீறல்கூட விழவில்லை. அதை நினைத்துச் சுண்டெலி கடவுளைக் கும்பிட்டாள். கும்பிட்டால் மட்டும் போதுமா என்றும் நினைத்தாள்.

முதல் தொலைநோக்கி குருடான அன்றே அதன் சூடேற்றியை அணைத்துவிட்டிருந்தார்கள். விண்வெளிக் குளிரில் அது தனியே விறைத்துக் கிடந்தது. ஒரு நாள் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு சுண்டெலி செயற்கைக்கோளின் மின்சார மிச்சத்தைப் பார்த்தாள். இருந்தது. சூடேற்றியைப் போட்டாள். அதற்கு இரண்டாவது குரல் தேவையில்லை.

"குளிருதாக்கா?"

உறைந்து போகாமல் காப்பதற்கு மேல் அந்தச் சின்னச் சூடேற்றியால் முடியாது. ஆனால் திரையில் வெப்பநிலை அந்த எல்லையையும் தாண்டி ஏறியது. ஏறி, உயிருள்ள மனுஷியின் உடம்புச் சூட்டில் வந்து நின்றது.