குழல் ஒரு வீட்டில், கட்டை ஒரு வீட்டில்

சோற்று டப்பாவையும் வெந்நீர்க் குடுவையையும் பையில் வைத்த பிறகு, பழைய சேலைத் துணியில் சுற்றிய துப்பாக்கிக் குழலை ரூபவதி அவற்றுக்குப் பக்கத்தில் செருகுவாள். ஒரு முழத்துக்குச் சற்று அதிகமான வெறும் இரும்புக் குழாய் அது. தெருக்கோடியில் தெபோராளின் வீட்டு வாசலில் போய் நின்று ஒருமுறை இருமுவாள். தெபோராள் தோளில் துப்பாக்கிக் கட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வருவாள். இருவரும் வயலுக்கு நடப்பார்கள்.

அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்ட ஓரகத்திகள் இருவரும். பேச்சுவார்த்தை அறுந்து நாலு வருஷம் ஆகிறது. தெபோராளின் மகள் கல்யாணத்தில் ரூபவதியின் அம்மாவை யாரும் பந்திக்கு அழைக்கவில்லை. அந்த அம்மாள் பந்தல் மூலையில் தனியாக உட்கார்ந்திருந்து, கடைசிப் பந்தியில் ஆறிப்போன குழம்பை ஊற்றிச் சாப்பிட்டாள். நாடு விட்டு நாடு வந்து, கடல் கடந்து, பனியில் குடியேறிய ஜனங்களானாலும் பந்தி மரியாதை மட்டும் கரையவே இல்லை.

கடல் பழைய தரங்கம்பாடியை எடுத்துக்கொண்ட பிறகு வந்தவர்களின் ஊர் புதுத் தரங்கை. கிரீன்லாந்தின் கிழக்குக் கரையில் இருக்கிறது. ஐந்நூறு வருஷத்துக்கு முன் டேனிஷ்காரர்கள் கப்பலேறி வந்து நம் ஊரில் கோட்டை கட்டினார்கள், பதிலுக்கு நாம் அவர்கள் பக்கம் வந்து உருளைக்கிழங்கு போடுகிறோம் என்று சொல்லி ஊரார் சிரித்துக்கொள்வார்கள். பனி உருகி விளைநிலம் கிடைத்ததென்னவோ உண்மைதான். அதே பனி உருகியதால் நிற்க இடமில்லாமல் போன வெள்ளைக் கரடிகளும் கரையேறி வந்துவிட்டன.

ஊரைச் சுற்றி வெப்பவேலி உண்டு. அதன் கண்களில் எந்த மிருகத்தின் சூடு பட்டாலும் சங்கு ஊதும், ஆள் நடமாட்டம் பதிவாகும். வயல்களோ வேலிக்கு வெளியே. துப்பாக்கி இல்லாமல் யாரும் வெளியே போகக்கூடாது. அந்தத் துப்பாக்கியை முழுசாக யாரும் வைத்துக்கொள்ளவும் கூடாது.

முதல் குளிர்காலத்தில் எல்லோரும் ஆளுக்கொன்று முழுசாகத்தான் வைத்திருந்தார்கள். சூரியன் எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவிடும் மாதங்கள் அவை. ஊரை நினைத்துக்கொண்டும் ஒருவரையொருவர் வெறுத்துக்கொண்டும் இருட்டில் உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் குளிர்காலத்தில் கரடியால் இறந்தவர்களைவிடத் துப்பாக்கியால் இறந்தவர்கள் அதிகம். அந்தத் தோட்டாக்களில் ஒன்றுகூடக் கரடிக்கென்று போட்டது இல்லை. அதற்குப் பிறகுதான் ஊர்மன்றம் பிரிதுப்பாக்கிகளைத் தருவித்துப் பாதியுரிமைச் சட்டம் போட்டது. குழல் ஒரு வீட்டில், கட்டையும் தோட்டாவும் இன்னொரு வீட்டில். சேர்ந்து போகிற இருவர் இணை. கட்டைக்காரர் பூட்டித் தோட்டா போட்டு, 'பூட்டியாச்சு' என்று சொல்ல வேண்டும். குழல்காரர் வாங்கி, 'பாத்தாச்சு' என்று சொல்லிவிட்டுத்தான் குறி வைக்க வேண்டும். தினமும் வேலிவாசலில் ஒருமுறை இதைச் செய்து காட்டிவிட்டு, மறுபடி பிரித்துத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். நாலு வருஷமாக ஓரகத்திகளுக்குள் நடந்த உரையாடல் முழுவதும் அந்த இரண்டு சொற்கள்தான்.

இந்த வசந்தத்தில் சட்டம் மாறியது. மனநிலைச் சோதனையில் தேறியவர்களுக்கு முழுவுரிமை கொடுக்கலாம் என்று மன்றம் முடிவு செய்தது. முதல் ஆளாக விண்ணப்பம் போட்டவள் ரூபவதி. சோதனையில் தேறினாள், பயிற்சியில் தேறினாள், பழையதன் அதே அளவில், கழற்றிக் கைப்பெட்டியில் வைக்கும் புதுத் துப்பாக்கி ஒன்றையும் வாங்கிவிட்டாள். பழைய குழலை ஒப்படைத்த அன்று அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

மீன்பிடிக் கப்பலில் இருந்த அவள் கணவன் தாவீதுக்குத்தான் மனசு கேட்கவில்லை. போனில் அழைத்தான்.

"அண்ணி என்ன செய்வாங்க ரூபா? கட்டைய மட்டும் வச்சுக்கிட்டு வேலியத் தாண்ட முடியாதே."

"அவங்களுக்கு வேற இணை பாத்துக் குடுப்பாங்க."

"எப்ப? இது விதைக்கிற நேரம். இப்ப விட்டா இந்த வருஷத்து வெள்ளாமை போச்சு."

"எங்கம்மா ஒண்டியா மூலையில உக்காந்திருந்தப்ப அவங்களுக்கு என்ன போச்சாம்?"

தாவீது பேச்சை மீன் விலைக்கு மாற்றினான். குடும்பம் நடத்தத் தெரிந்தவன்.

மறுநாள் காலை ரூபவதி தெபோராளின் வீட்டு வழியாகப் போகாமல் பின்தெரு வழியாகப் போனாள். அப்படியும் தப்பவில்லை. வேலிவாசலில் தெபோராள் நின்றுகொண்டிருந்தாள். தோளில் கட்டை, காலடியில் விதைக்கிழங்கு மூட்டை. காப்பாளர் ஈசாக்கு அவளிடம், இன்னும் இணை அமையவில்லை அக்கா, பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். ரூபவதி யாரையும் பார்க்காமல் பெட்டியைக் காட்டினாள். கதவு திறந்தது.

தனியாக நடப்பது அவ்வளவு சுகமாக இருந்தது. யாருடைய மூட்டுவலிக்காகவும் மெதுவாகப் போக வேண்டியதில்லை. முன்னால் போகும் முதுகைப் பார்த்து மனசுக்குள் திட்ட வேண்டியதில்லை. அவள் வாய்விட்டுப் பாடினாள். தனக்கு இன்னும் பாட வருகிறது என்பதே அவளுக்கு மறந்து போயிருந்தது. வேலியை ஒட்டியிருந்த வயலில் குனிந்து ஒரு பாத்தி முழுக்கக் கிழங்கு ஊன்றி முடித்தாள்.

அப்போது சங்கு ஊதியது.

கரடி கடல் பக்கத்திலிருந்து மேடேறி வந்துகொண்டிருந்தது. விலா எலும்பு தெரியும் அளவுக்கு மெலிந்து, அழுக்கு மஞ்சளாக இருந்தது. ஓடவில்லை. வேறு எங்கும் போக இடமில்லாததுபோல் நேராக அவளைப் பார்த்தே நடந்து வந்தது.

ரூபவதி பெட்டியைத் திறந்தாள். குழலை எடுத்தாள், முந்தானையால் ஒருமுறை துடைத்தாள், கட்டையில் பொருந்தும் பள்ளம் மேலே வரும்படி திருப்பி இடப்பக்கமாக நீட்டினாள்.

யாரும் வாங்கிக்கொள்ளவில்லை.

பயிற்சிக் கூடத்தில் மேசை முன் உட்கார்ந்து அவள் அதை முழுசாகப் பூட்டிக் காட்டியவள்தான். ஆனால் கரடி வரும்போது கை கேட்டது மூளையை அல்ல, பழக்கத்தை. குழலை நீட்டியதோடு அவள் வேலை முடிந்துவிடும். அத்தனை வருஷமும் அப்படித்தான். கையை இழுத்துக்கொண்டு கட்டையைப் பார்த்தாள். எந்த வளையத்தைத் திருப்ப வேண்டும் என்பது மறந்துபோனது. மறுபடியும் குழலை இடப்பக்கமாகத்தான் நீட்டினாள்.

வேலிவாசலில் ஈசாக்கு, "போகாதீங்கக்கா! போகாதீங்க!" என்று அலறுவது கேட்டது.

அறுபதை நெருங்கும் தெபோராள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாத்திகளை மிதித்துக்கொண்டு ஓடி வந்தாள். வந்த வேகத்தில் நீட்டியிருந்த குழலைப் பிடுங்கித் தன் பழைய கட்டையில் பொருத்தி, வளையத்தை முறுக்கினாள். கட்டையின் வயிற்றிலிருந்து தோட்டாக்களை எடுத்துப் போட்டாள்.

"பூட்டியாச்சு!"

"பாத்தாச்சு."

முதல் இரண்டும் மிரட்டுத் தோட்டாக்கள். சத்தமும் வெளிச்சமும் மட்டும்தான். ஒன்றைச் சுட்டதும் கரடி நின்றது. ரூபவதி இரண்டாவதையும் சுட்டாள். இனி மிச்சம் இருப்பது கொல்லும் தோட்டா. அதைச் சுட வைத்துவிடாதே என்று அவள் கரடியிடமே மனசுக்குள் மன்றாடினாள். அது தலையை ஆட்டிற்று; திரும்பி, வந்த வழியே கடற்கரைக்கு இறங்கிப் போயிற்று. அதன் பின்பக்கத்து எலும்புகளைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது.

தெபோராள் ஈரமண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ரூபவதி துப்பாக்கியைக் கழற்றிக் கீழே வைத்தாள்.

"வெறுங்கட்டைய வச்சுக்கிட்டா கரடிகிட்ட ஓடி வந்தீங்க?"

"நீ குழல நீட்டிக்கிட்டு நிக்கிற. வாங்க ஆள் வேணாமா?"

ரூபவதிக்கு அழுகை வந்துவிட்டது. மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

அதற்குள் ஈசாக்கு வந்து சேர்ந்தார். மனுஷன் முகம் செத்துப்போயிருந்தது.

"தெபோராக்கா, வேலிக்கண்ணுல பதிவாயிடுச்சு. இணை இல்லாம வெளிய வந்தா நிலம் மன்றத்துக்குப் போயிடும். உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும்," என்றாள் தெபோராள். புருஷன் போன பிறகு அவளுக்கென்று இருந்தது அந்த நிலம் ஒன்றுதான்.

"அவங்க இணை இல்லாம வரல. எங்கூடத்தான் வந்தாங்க," என்றாள் ரூபவதி.

"உங்களுக்குத்தான் முழுவுரிமை இருக்கேம்மா. அது இருக்கறவங்களுக்கு இணை கிடையாதே."

"அது எனக்கு வேணாம். காலையில நான் வாசலத் தாண்டறதுக்கு முன்னாடியே வேணாம்னு சொல்லிட்டதாப் போட்டுக்குங்க. நான் நீட்டுன குழல இவங்க வாங்கிப் பூட்டினதும் உங்க வேலிக்கண்ணுல பதிஞ்சிருக்கும்ல? இணை இல்லாமலா அது நடக்கும்?"

ஈசாக்கு தலையைச் சொறிந்தார். "போடலாம். ஆனா ஒருதடவ திருப்பிக் குடுத்தா மறுபடி கேக்க முடியாது. ஆயுசுக்கும்."

ரூபவதி திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்தாள். எவ்வளவு ஆசைப்பட்டு வாங்கியது! அந்த ஒரு பாத்தி நேரம் எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பது நினைவுக்கு வந்தது. பொய் சொல்வானேன், மனசு இரண்டாகத்தான் கிடந்தது. பெட்டியை மூடி அவர் கையில் கொடுத்தாள்.

"ஆயுசுக்கும்தான்."

தெபோராள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று ஈசாக்கு எதிர்பார்த்தார். பாவம், அவருக்கு இந்தக் குடும்பத்தைத் தெரியாது.

"இப்ப என்னத்துக்குப் பெரிய மனுஷி மாதிரி விட்டுக் குடுக்கற? நாலு வருஷமா மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போனவதானே நீ?"

"நானா திருப்பிக்கிட்டேன்? எங்கம்மாவ யாருக்கா மூலையில உக்கார வச்சது?"

"பந்தியில என்ன நடந்ததுன்னு ஒரு வார்த்த கேட்டியாடி நீ? கேட்டியா?"

இருவரும் கத்திக்கொண்டே வேலிவாசலுக்கு வந்தார்கள். கத்திக்கொண்டே ஊருக்குள் போனார்கள். சங்குச் சத்தத்துக்கு வெளியே வந்தவர்களெல்லாம் கரடியை மறந்துவிட்டு வாய் பிளந்து நின்றார்கள்.

சாயங்காலம் தாவீது கப்பலிலிருந்து அழைத்தபோது ரூபவதிக்குக் குரலே எழும்பவில்லை.

"கரடி வந்துச்சாமே? பயந்து கத்துனியா? தொண்டை இப்படிக் கட்டியிருக்கு?"

"கரடிகிட்ட எங்க கத்தினேன்? அக்காவோட சண்டை."

"என்னது, பேசிட்டீங்களா? எவ்வளவு நேரம்?"

"இன்னும் முடியல," என்றாள் ரூபவதி. "சாப்பிட வந்திருக்காங்க. மீன் ஆறுது, போன வை."