கரீம் அனுமதிக்கவில்லை!

"யம்மாடியோவ்...!"

அலறலில் பம்பாய் செம்பூர் மருந்து கம்பெனியின் கண்ணாடிக் கதவே அதிர்ந்தது.

அலறியது பெண்பிள்ளை அல்ல. முதலாளி தளவாய்!

தொண்ணூறு கிலோ உடம்பு நாற்காலியோடு பின்னால் உருண்டு போய்ச் சுவரில் முட்டி நின்றது.

"மேடம்... அங்க... அது என்ன பேரு?"

கம்ப்யூட்டர் திரையில் பச்சை எழுத்துகள் ஓடிக்கொண்டிருந்தன. வரிக்கு வரி ஒரே பெயர்.

கரீம். கரீம். கரீம். கரீம்...

கரீம் பாட்சா!

இதே கம்ப்யூட்டரை இயக்கிக்கொண்டிருந்தவன். மூன்று மாதத்துக்கு முன்பு சுனாபட்டி அருகே ஓடும் ரயிலிலிருந்து விழுந்து செத்துப்போனவன். 'கம்பெனி மருந்தைத் திருடி மாட்டிக்கிட்டான், அவமானம் தாங்காம குதிச்சுட்டான்' என்று ஊரெல்லாம் சொன்னவர் தளவாய். போலீசும் தற்கொலை என்று எழுதிக் கையைக் கழுவிவிட்டது.

செத்தவனுக்கு இங்கே என்ன வேலை?

"பதறாதீங்கோ சார்," என்றாள் ராஜலக்ஷ்மி. கம்ப்யூட்டர் விற்ற கம்பெனியின் சர்வீஸ் இன்ஜினியர். மாட்டுங்காக்காரி. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கீபோர்டைத் தட்டினாள். "பழசையெல்லாம் அழிச்சுட்டுப் புது வெர்ஷன் ஏத்தணும்னேள். நானும் ஏத்திப் பாக்கறேன். மெஷின் விட மாட்டேங்கறது! எதைத் தொட்டாலும் 'பெர்மிஷன் டினைட்'!"

"நீங்கதான் பெரிய பாஸ்வேர்டு வச்சிருக்கியளே... ரூட்டோ கீட்டோ!"

"ரூட்தான். மெஷினுக்கே எஜமான். ஆனா பாருங்கோ... மெஷின் பேரைப் பாக்காது. நம்பரைத்தான் பாக்கும். பூஜ்யம் நம்பர் யார்கிட்ட இருக்கோ அவாதான் எஜமான். சால்ல, அதான் நம்ம ஒண்டுக்குடித்தன வீட்டுல, குடித்தனக்காரா மாறுவா... ரூம் நம்பர் மாறாதோல்லியோ?"

"சரி, அந்த ரூம்ல இப்ப யாரு?"

ராஜலக்ஷ்மி திரையைத் தொட்டாள்.

"கரீம்!"

வெளியே எண்பத்தேழாம் வருஷத்து ஜூலை மழை. பகலிலேயே இருட்டு. ட்யூப் லைட் வேறு செத்துச் செத்துப் பிழைத்தது.

"எ... எப்பத்துலேந்து?"

"போன வாரத்திலேர்ந்து சார்."

"அரே! அவன் செத்து மூணு மாசமாச்சே!"

"அதானே எனக்கும் புரியலை..."

மூலையில் ஒரு பெஞ்சு. அதில் ஹபீபா. கரீமின் மனைவி. புருஷன் விட்டுப்போன டிபன் கேரியரையும் கண்ணாடியையும் எடுத்துப்போக வடாலாவிலிருந்து வந்திருந்தாள். மடியில் கைக்குழந்தை.

அந்தக் குழந்தை, கரீம் உட்கார்ந்து வேலை பார்த்த காலி நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தது.

பார்த்து... சிரித்தது!

தளவாய் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தார்.

"ஏளா! புள்ளையத் திருப்பிப் பிடி!"

"அது சும்மா பாக்குது முதலாளி."

"எனக்குத் தெரியும்! திருப்பு!"

ராஜலக்ஷ்மி குழந்தையின் கன்னத்தைத் தட்டினாள். "பேர் என்ன ஹபீபா?"

"இன்னும் வைக்கலைக்கா. நாப்பது நாளாச்சு. திருட்டுப்பய புள்ளைக்குப் பேரு ஒரு கேடான்னு வடாலாவுல பேசுதாக. அவுக மேல உள்ள பழி போவட்டும்... பொறவு வைக்கேன்."

சொல்லும்போதே அவள் கண் நிறைந்துவிட்டது. பார்க்கிறவர்களுக்கு நெஞ்சு வலித்திருக்கும். தளவாய் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மேடம், என்னமாம் செஞ்சு அதை அழிச்சிருங்க. ஜல்தி!"

"ஒண்ணு, கரீமோட பாஸ்வேர்டு வேணும். இல்லேன்னா டிஸ்க்கைக் கழட்டிப் பெங்களூருக்கு அனுப்பணும். அங்க எல்லாத்தையும் திறந்து, படிச்சு, காப்பி பண்ணிண்டுதான் அழிப்பா."

"ப... படிப்பாகளா?"

"ஒரு வரி விடாம! ரோஷன், அந்தப் பெட்டியை எடுங்கோ. டிஸ்க்கைக் கழட்டிடலாம்."

ராஜலக்ஷ்மியோடு டேப்புகளைச் சுமந்துகொண்டு வந்திருந்த தொப்பைக்காரர் பெட்டியோடு எழுந்தார்.

"நில்லுடே!"

தளவாய் குறுக்கே பாய்ந்தார். திரையில் 'கரீம்' என்ற பெயருக்குக் கீழே 'பாஸ்வேர்டு' என்று ஒரு கேள்வி. பக்கத்தில் ஒரு பச்சைக் கட்டம் கண்சிமாட்டிக்கொண்டிருந்தது. சிமிட்டல்... சிமிட்டல்... யாரோ பதிலுக்குக் காத்திருக்கிறார்கள்.

"போடுங்க மேடம். ரா... ராபியா."

ராஜலக்ஷ்மி தட்டினாள்.

க்ளிக்!

திறந்துகொண்டது!

தளவாய் விட்ட பெருமூச்சு பாதியில் நின்றது. ஹபீபா எழுந்து நின்றிருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"முதலாளி... அந்தப் பேரை உங்களுக்கு யாரு சொன்னா?"

"அவன்தான்... எப்பவோ சொன்னான்."

"எப்பவோவா? அவுக மவுத்தான அன்னைக்குக் காலையிலதான் நாங்க ரெண்டு பேரும் வச்ச பேரு அது! பொட்டப்புள்ள பொறந்தா ராபியா. 'இன்னைக்கே இதைப் பாஸ்வேர்டா மாத்திருதேன்'னு சிரிச்சுக்கிட்டே போனாக. திரும்பி வரலை! இந்த நிமிசம் வரைக்கும் அந்தப் பேரை நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. எம் புள்ள காதுல கூடச் சொல்லலை!"



தொப்பைக்காரர் பெட்டியைக் கீழே வைத்தார். சட்டைப் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டினார்.

"இன்ஸ்பெக்டர் ரோஷன். கிரைம் பிராஞ்ச். பொறந்தது தாராவி, அதான் தமிழ். அன்னிக்குப் பூரா பூனாவுல இருந்தேன், கரீமைப் பாக்கவே இல்லைன்னு எழுதிக் குடுத்தீங்களே சேட்... பாஸ்வேர்டைப் பூனாவுக்குத் தந்தி அடிச்சானா?"

தளவாய் காலி நாற்காலியைப் பார்த்தார்.

"நான் தள்ளலைவே! சத்தியமாத் தள்ளலை! காலாவதியான மருந்துக்குப் புதுத் தேதி போட்டதையெல்லாம் மெஷின்ல ஏத்தி வச்சிருக்கேன்னான்... ரயில் வாசல்ல வாக்குவாதம்... கால் வழுக்கிக் கம்பியில தொங்குனான். பாஸ்வேர்டைச் சொன்னா உள்ள இழுக்கேன்னேன்... சொன்னான்..."

"அப்புறம்?"

"கை... கையை நான் நீட்டலை."

ஹபீபாவின் அழுகை வெடித்தது. புருஷன் சாக நினைக்கவில்லை. மகள் பெயரைச் சொல்லிப் பிழைக்கத்தான் பார்த்திருக்கிறான்! அழுதுகொண்டே குழந்தையின் காதில் குனிந்து முதல் முறையாக அந்தப் பெயரைச் சொன்னாள்.

விலங்கு பூட்டப்பட்டது. தளவாய் இன்னமும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"மேடம்... அப்ப அவன் பேரு பூஜ்யத்துக்கு எப்படி வந்துச்சு? ஆவிதானே?"

"போன வாரம் சர்வீசுக்கு வந்தேனே சார், மறந்துட்டேளா? ஹபீபா என் ஆபீஸுக்கு வந்து அழுதுட்டுப் போன மறுநாள். ரூட்டையும் கரீமையும் நம்பர் மாத்தி வச்சது நான்தான்! கரீம் கடைசி நாள்ல மாத்தின பாஸ்வேர்டு உங்களுக்குத் தெரியறதான்னு பாக்கத்தான்!" ராஜலக்ஷ்மி செருகியிருந்த தலைப்பை எடுத்து உதறினாள். "ஆவியாவது, பூதமாவது! அதெல்லாம் எங்காத்து இட்லிப் பானையிலதான் வரும். நீங்க போற இடத்துல அதுவும் வராது... ஆறிப்போன சப்பாத்திதான்!"