ஆதிரனின் மிச்சம்

விரல் நுனியில் ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம், அவ்வளவுதான். உடம்புக்குள் யார் யாரோடு சண்டை போடுகிறார்கள் என்று பொள்ளாச்சி ஆய்வகத்தில் உள்ள கட்டளைமானி என்ற இயந்திரம் நாற்பதே நிமிடத்தில் சொல்லிவிடும். வெள்ளணுவுக்குள் நுண் ஆர்.என்.ஏ. என்று பொடிப்பொடித் துணுக்குகள் உண்டு. எந்த மரபணு பேசலாம், எது வாயை மூட வேண்டும் என்று உத்தரவு போடுபவை அவை. அந்த உத்தரவுகளைப் படிக்கவும் மாற்றி எழுதவும் கற்றுக்கொண்ட பிறகு, சொந்த நரம்பையே கடிக்கும் வெள்ளணுக்களை அடக்குவது சளிக்கு மருந்து கொடுப்பது போல ஆகிவிட்டது.

இலக்கியாவுக்கு மட்டும் அது பலிக்கவில்லை. "சும்மா இரு" என்று இரண்டு முறை உத்தரவு எழுதியும் அவளுடைய வெள்ளணுக்கள் கேட்கவில்லை. இடது கண் மங்கியது. கால்கள் விழுந்தன. இப்போது சோறு விழுங்கவே திணறுகிறாள். நாற்பத்திரண்டு வயதில் என்ன பாவம் செய்தாளோ!

எத்தனை இயந்திரம் வந்தால் என்ன, நம் ஊரில் ஒரு வழக்கம் மட்டும் மாறாது. நோயாளியை வெளியே உட்கார வைத்துவிட்டு, கூட வந்தவரிடம்தான் விஷயத்தைச் சொல்வார்கள். ஆய்வாளர் பிரிசில்லாவும் இலக்கியாவின் சக்கர நாற்காலியை வராந்தாவில் நிறுத்தச் சொல்லிவிட்டு, கணவன் கவினை மட்டும் உள்ளே அழைத்தார்.

"சார், வெள்ளணுக்கள் அவங்க சொந்த நரம்பைத் தாக்கலீங்க. மூளையில வேற ஒருத்தரோட அணுக்கள் இருக்குது. நரம்புக்கு உறை போடற அணுவா மாறி அங்கயே குடியிருக்குது. அதைத்தான் அந்நியன்னு அடிக்குது. பக்கத்துல இருக்கறதும் சேர்ந்து அடி வாங்குது."

"வேற ஒருத்தரோடதா? யாரோடதுங்க?"

பிரிசில்லா அறிக்கையை அவன் பக்கம் திருப்பி வைத்தார். "கர்ப்பத்துல குழந்தையோட அணுக்கள் கொஞ்சம் தாயோட ரத்தத்துல கலந்து, அப்படியே தங்கிடும். பல வருஷம் உயிரோட இருக்கும். உங்க ரத்தத்தோடயும் ஒப்பிட்டுப் பாத்துட்டோம், இதுல பாதி மரபணு உங்களோடது சார். ஆண் குழந்தை."

கவின் மேசையைப் பிடித்துக்கொண்டான். அவர்களுக்கு ஒரே பிள்ளை, ஆதிரன். ஆறு வருடம் முன்பு, ஒன்பது வயதில், வாய்க்காலில் குளிக்கப் போனவன் பிணமாகத்தான் வீடு வந்தான்.

"இன்னும் உசுரோடவா இருக்குது?"

"ஆமாங்க. இனி ஒரே வழிதான் சார். 'முடிச்சுடு'ன்னு உத்தரவு எழுதணும். வெள்ளணு அதை ஒண்ணு விடாம அழிச்சிடும். அப்புறம் சண்டை போட ஆளில்லாம தானா அடங்கிடும். இப்படியே விட்டா, ரெண்டு மாசம் தாங்கறதே கஷ்டம். அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கறீங்களா?"

கேட்டால் அவள் என்ன சொல்வாள் என்று கவினுக்குத் தெரியாதா? செத்தாலும் சரி, என் பிள்ளையைத் தொடாதே என்பாள்.

"வேண்டாங்க. அவகிட்ட ஒண்ணும் சொல்லிப்போடாதீங்க."

கையெழுத்துப் போட்டான். பெற்ற பிள்ளையை அழிக்கக் கையெழுத்து. பெயர் கோணலாக விழுந்தது.

வராந்தாவில் இலக்கியா கேட்டாள். "என்ன சொன்னாங்க மாமா?"

"புது மருந்து குடுக்கறாங்களாம் புள்ள. செரியாயிருமாம்."

அன்றே ஊசி போட்டார்கள். மூன்றாம் மாதம் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஐந்தாம் மாதம் பிடிக்காமல் நடந்தாள். கடைசி அறிக்கையில் "அந்நிய அணு: இல்லை" என்று இருந்தது. கவின் அதை வழியிலேயே கிழித்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தான்.

இலக்கியா அடுப்படியில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். தட்டை அவளே எடுத்துவந்து அவன் முன் வைத்தாள்.

"ஏனுங்க, ஒண்ணு சொல்லட்டுமா? சிரிக்கப்படாது. படுத்த படுக்கையா கிடந்தப்ப நான் ஆதிரன்கிட்டதான் கேட்டேன். அம்மாவ நடக்க வெய்யுடா சாமின்னு. வெச்சுட்டான் பாருங்க! அவன் எங்கயும் போயிரல மாமா. எங்கூடத்தான் இருக்கான்."

கவின் தோசையில் ஒரு துண்டைப் பிட்டான்.

"ஆமா புள்ள," என்றான். "அவன்தான் நடக்க வெச்சான்."

கை கழுவுவதாகச் சொல்லிக் குளியலறைக்குள் போய், கதவைச் சாத்திக் குழாயை முழுதாகத் திறந்துவிட்டான். ஆதிரன் முதல் தடவை போனபோது இருவரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். இந்தத் தடவை கவின் தனியாக அழுதான்.